60,000 ரூபாயில் கேமிங் கம்ப்யூட்டர்: கார்டுக்குக் கொடுப்பதா, கரண்டுக்குக் கொடுப்பதா?

சோமனூரான்:
அனைவருக்கும் வணக்கம். கோவையில் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். வீடு சோமனூர்ப் பக்கம். வீட்டுச் சுவரை ஒட்டியே எங்கள் தறிக்குடோன் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்க அப்பா 60,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு மேல் கேட்க எனக்கே மனம் வராது. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றும் அண்ணன் வைத்திருந்தவை இருக்கின்றன, மானிட்டர் 1080பி.

காந்திபுரத்தில் ஒரு கடையில், ‘ஐ7 பிராசசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராஃபிக்ஸ்’ என்று சொல்லி 32,000 ரூபாய்க்கு ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நண்பன் எழுதிக் கொடுத்த பட்டியல் வேறு: ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம், 500 ஜிபி என்விஎம்இ சேமிப்பகம், ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. இந்த ஐந்துக்கும் விசாரித்த விலையைக் கூட்டினால் 55,000 வருகிறது. மீதி 5,000 ரூபாயில் கேபினெட்டையும், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முடித்துக்கொள்ளலாம் என்கிறான். எதை எடுப்பது?

நொய்யல்கரை:
தம்பி, கடைக்காரர் காட்டிய பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே என்ன கார்டு, எந்தத் தலைமுறை ஐ7 என்று பார்த்தீர்களா?

சோமனூரான்:
ஐ7 3770. கார்டு ஜிடி 730 என்று ஸ்டிக்கரில் இருந்தது, அண்ணா.

நொய்யல்கரை:
அப்படியென்றால் அப்பாவிடம் சொல்ல மூன்று காரணங்கள் தருகிறேன். அந்தப் பிராசசர் 2012இல் வந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் ஒருசில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த ஜிடி 730 கார்டு 2014இல் வந்தது. 4 ஜிபி என்பது பெரிய எண்ணாகத் தெரியலாம், ஆனால் அதன் டிடிஆர்3 வகையில் நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே நொடிக்கு 30 ஜிபிகூடப் போகாது. ஆர்எக்ஸ் 6600இல் 224 ஜிபி போகிறது. தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் அரை அங்குலம் என்றால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயாது என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் பழகிய சாமானுக்கு 32,000 கொடுப்பது மிச்சமல்ல, நட்டம்.

நண்பர் கொடுத்த பட்டியல் நல்ல பட்டியல். கேமில் படம் எத்தனை வேகமாக நகர்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். எனவே வரவுசெலவில் மூன்றில் ஒரு பங்காவது அதற்குப் போகவேண்டும். மற்றவை எல்லாம் அதைத் தடுக்காமல் இருந்தால் போதும். அப்படியே வாங்கிவிடுங்கள்.

பவானிக்கூடல்:
நொய்யல்கரை சொன்ன முதல் பத்தியில் எனக்கு மறுப்பு இல்லை. இரண்டாவது பத்தியை மறுக்கவே எழுதுகிறேன்.

ஈரோட்டில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். வீரப்பன்சத்திரம் தொடங்கிப் பள்ளிபாளையம் வரை தறி ஓடும் வீடுகளிலிருந்து என் மேசைக்கு வந்த கம்ப்யூட்டர்களில், கார்டு மெதுவாக இருக்கிறது என்று வந்ததை விட, திடீரென்று அணைகிறது, பிறகு எழவே இல்லை என்று வந்தவையே அதிகம். அவற்றைத் திறந்தால் பார்ப்பது இரண்டு காட்சிகள்: ஒன்று, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும், மற்றொன்று, கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் உப்பிய கெப்பாசிட்டரோடு கருகிக் கிடக்கும். 22,000 ரூபாய்க் கார்டை 2,000 ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டச் சொல்வது, புதுத் தறியைக் கரையான் அரித்த விட்டத்துக்கு அடியில் இறக்கச் சொல்வதற்குச் சமம்.

தம்பி, ரைசனை விட்டுவிட்டு ஐ3 12100எஃப் எடுத்தால் மூவாயிரத்துக்கு மேல் மிச்சமாகும். அதைக் கொண்டு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். கார்டையும் ஒரு படி இறக்கினால் யுபிஎஸ்ஸும் வாங்கிவிடலாம்.

நொய்யல்கரை:
அண்ணா, உங்கள் மேசைக்கு வருவது கெட்டுப்போனவை மட்டுமே. கெடாமல் வீட்டிலேயே ஓடுகிறவை அங்கே வருவதில்லை. மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊரே நோயாளி என்று சொல்லலாகாது.

ஐ3 12100எஃப்பில் வேலை செய்யும் கைகள், அதாவது கோர், நான்கு; ஒரே நேரத்தில் பிடிக்கும் வேலைகள், அதாவது த்ரெட், எட்டு. வேலரண்ட் போன்ற இலகுவான கேமுக்குப் போதும். புதிதாக வருகிற பெரிய கேம்களில் சராசரி வேகம் நன்றாகத் தெரிந்தாலும், கூட்டமான இடத்துக்குள் போகும்போது படம் தட்டித்தட்டி நகரும். 5600இல் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பி. நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிற பையனிடம் இரண்டு கோரைப் பிடுங்கி எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுக்கிறீர்கள்.

இன்னொன்று. ஆர்எக்ஸ் 6600 எடுப்பது 132 வாட். 5600 உச்சத்தில் 76 வாட். மற்றவை எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது என்று வைத்தாலும் 270 வாட்டைத் தாண்டாது. இதற்கு 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். 650 வாட், 750 வாட் என்று பயமுறுத்தி விற்பதுதான் கடைகளின் பழக்கம்.

சென்னிமலை:
ஒரு இடைச்செருகல். கார்டையே இப்போது வாங்காமல், 5600ஜி எடுத்து அதிலுள்ள கிராஃபிக்ஸில் ஒரு வருடம் ஓட்டிவிட்டு, அடுத்த நோம்பிக்குக் கார்டு வாங்கினால் என்ன? 60,000 முழுவதையும் ஒரே நாளில் செலவழித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே.

நொய்யல்கரை:
கட்டாயம் இல்லை. ஆனால் 5600ஜி பெயரில்தான் 5600இன் தம்பி. எல்3 கேஷ் பாதி, 16 எம்பி. கார்டுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு போகும் பிசிஐஇ பாதையும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. நாளை கார்டு மாட்டும்போது, உள்ளே சும்மா கிடக்கப்போகிற கிராஃபிக்ஸுக்காக வேகத்தை விட்டுக்கொடுத்தவர் ஆவீர்கள். கார்டே வாங்கப் போவதில்லை என்பவருக்கு மட்டும் அது பொருந்தும்.

டிடிஆர்5 ரேம் தேவைப்படும், ரைசனின் அடுத்த போர்டு வகையான ஏஎம்5 பற்றியும் யாராவது கேட்பார்கள், அதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எதிர்காலத்தில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையான நன்மை. இதற்கு முந்திய ஏஎம்4 வகையிலும் 2018இல் பி450 போர்டு வாங்கியவர், பயாஸ் என்ற போர்டின் உள்மென்பொருளை மட்டும் மாற்றி, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்திக்கொள்ள முடிந்தது. ஆனால் 2025இன் இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு, 60,000க்குள் ஏஎம்5 என்றால் கார்டில்தான் கை வைக்கவேண்டும்.

பவானிக்கூடல்:
மருத்துவமனை வாசல் உவமை நன்றாக இருந்தது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பியின் வீடு அந்த வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது என்பதைத்தான் நீங்கள் பார்க்க மறுக்கிறீர்கள்.

வாட் கணக்கில் நீங்கள் சொன்னது சரி. 450 வாட் போதும் என்று நானும் சொல்வேன். நான் கேட்பது பெரிய எஸ்எம்பிஎஸ் அல்ல, பொருத்தமான எஸ்எம்பிஎஸ். அதன் பக்கவாட்டு லேபிளில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. மலிவு விலையில் விற்கும் பலவற்றில், ‘80 பிளஸ்’ முத்திரை உள்ளவற்றிலும்கூட, 200 முதல் 240 வோல்ட் என்று மட்டுமே போட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் 100 முதல் 240 வரை என்று இருக்கும். 80 பிளஸ் என்பது வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கொடுக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. மின்னழுத்தம் தாழ்ந்தால் தாங்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. நகரத்தில் 230 வோல்ட் சீராக வரும் வீட்டுக்கு முதல் வகை போதும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நூறு தறி ஓடும் ஊரில், அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும் நேரத்தில் 200க்குக் கீழே இறங்கினால், அந்த எஸ்எம்பிஎஸ் ஓடினாலும் ஓடும். ஆனால் கேமின் நடுவே கார்டு ஒரே நொடியில் அதிகமாக இழுக்கும்போது அணைந்துவிட்டால் அது எஸ்எம்பிஎஸ்ஸின் குற்றமாகாது, லேபிளைப் படிக்காதவரின் குற்றம்.

தம்பி, வீட்டில் மல்டிமீட்டர் இருக்கும் அல்லவா? தறி எல்லாம் ஓடும் நேரத்தில் கம்ப்யூட்டர் வைக்கப்போகும் பிளக்கில் வைத்துப் பார்த்து இங்கே எழுதுங்கள். ஊகத்தின் மேல் நாங்கள் சண்டை போடுவதைவிட அது மேல்.

வாலாங்குளம்:
செகண்ட் ஹேண்டைப் பற்றி இருவருமே பேசவில்லை. அதே ஆர்எக்ஸ் 6600 பழையதாக வாங்கினால் ஏழெட்டாயிரம் மிச்சமாகும். இருவர் கேட்பதும் கிடைத்துவிடுமே.

பவானிக்கூடல்:
இதில் நானும் நொய்யல்கரையும் ஒரே பக்கம் நிற்போம் என்று நினைக்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் சுரங்க முறையைக் கைவிட்டபோது, இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. 2021 அக்டோபரில் வெளிவந்த ஆர்எக்ஸ் 6600உம் அவற்றில் உண்டு. சில்லு நன்றாகவே இருக்கலாம். விசிறியின் பேரிங்கும் நினைவகத்தின் மேலுள்ள, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடும் தேய்ந்து காய்ந்திருக்கும். பில்லும் மீதி வாரண்டியும் இல்லாத பழைய கார்டைப் பஞ்சு பறக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்ல மாட்டேன்.

நொய்யல்கரை:
கார்டில் உடன்படுகிறேன். ஆனால் வாலாங்குளம் சொன்னதை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. பழையதாக வாங்கத் தகுந்த பாகம் ஒன்று உண்டு, அது பிராசசர். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால், அளவுக்கு மீறி வோல்டேஜ் கொடுத்து ஓட்டாதவரை அது அரிதாகவே கெடும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: 5600இல் பின்கள் போர்டில் அல்ல, பிராசசரின் அடியில் இருக்கின்றன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு பின்கூட வளையவில்லை என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுக்கவேண்டும். கூடவே வரும் கூலரையும் கேட்டு வாங்குங்கள். ஐ3க்கு இறங்காமலேயே அண்ணா கேட்ட மூவாயிரம் இதில் கிடைத்துவிடும். ஆறு கோரும் தங்கும்.

சோமனூரான்:
மூன்று நாள் அளந்து பார்த்தேன். காலை ஆறு மணிக்குத் தறி கிளம்பும் முன் 228. பகலில் 205 முதல் 212 வரை. மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை 186, 191, 188. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் 225க்குக் குறையவில்லை. நான் கேம் ஆடப்போவது மாலையில்தான்.

கடையில் 2,500 ரூபாய்க்குச் சொன்ன எஸ்எம்பிஎஸ்ஸின் லேபிளையும் படம் எடுத்துவரச் சொன்னேன். 200–240 என்றுதான் இருக்கிறது.

நொய்யல்கரை:
186 வோல்ட் என்றால் நான் பேசியது வேறு வீட்டுக்கு. 100–240 உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே எடுங்கள், ஐயாயிரம் வரை ஆனாலும் சரி. இதில் பவானிக்கூடல் அண்ணா சொன்னதே சரி.

ஆனால் கார்டை இறக்குவதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஒரு படி இறங்கினால் ஆர்எக்ஸ் 6500எக்ஸ்டி. 4 ஜிபி நினைவகம், பிசிஐஇ நான்கே வழி. பி450 போர்டு மூன்றாம் தலைமுறை என்பதால் அந்தக் குறுகிய வழி மேலும் பாதியாகிவிடும். ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு வழி இருப்பதால் அதே போர்டில் இழப்பு சொற்பம். பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் பக்கமும் போகவேண்டாம். ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் திறக்கவே மறுக்கும் பெரிய கேம்கள் 2024இன் இறுதியிலிருந்து வரத் தொடங்கிவிட்டன.

பவானிக்கூடல்:
சரி, கார்டு இருக்கட்டும். யுபிஎஸ்ஸில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். தள்ளிப்போட வேண்டுமானால் ஒரு மாதம், அதற்கு மேல் கூடாது. 600 விஏ என்று விற்பது உண்மையில் 360 வாட்தான். உங்கள் கணக்குக்குப் போதும், ஆனால் கேமைச் சேமித்து அணைக்கும் அளவுக்கே பேட்டரி நிற்கும். மலிவான யுபிஎஸ்களின் அலை சீரான சைன் அலை அல்ல, சில எஸ்எம்பிஎஸ்களோடு அது ஒத்துப்போவதில்லை. வாங்கும்போதே கம்ப்யூட்டரை எடுத்துப்போய், கேம் ஓடும்போது மெயினை அணைத்துச் சோதியுங்கள்.

ஆனால் நியூட்ரல் அறுந்து ஒற்றை பேஸ் வீட்டுக்குள் 400 வோல்ட் வந்தால் எந்தச் சாதாரண யுபிஎஸ்ஸும் காப்பாற்றாது. சோமனூர்ப் பக்கம் அப்படி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் போன வீட்டைப் பார்த்திருக்கிறேன். மெயின் போர்டில் ஓவர்வோல்டேஜ் கட்ஆஃப் மாட்டுவது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே நல்லது. அதை அப்பாவின் கணக்கில் எழுதுங்கள், உங்கள் 60,000இல் எழுதவேண்டாம்.

கேபினெட்டுக்குக் கண்ணாடியும் வண்ண விளக்கும் வேண்டாம். முன்பக்கம் கழற்றிக் கழுவக்கூடிய வலை, உள்ளே காற்றை இழுக்கும் விசிறி இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று. இழுப்பது அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகப் பஞ்சு நுழையாது, வலையிலேயே நிற்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வலையைக் கழுவுங்கள். தறிக்கு ஊதும் புளோயரை உள்ளே காட்டுவதானால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். விட்டுவிட்டு ஊதினால் அது தாறுமாறாகச் சுழன்று பேரிங் போய்விடும்.

சோமனூரான்:
நன்றி அண்ணா, இருவருக்கும். பழைய 5600ஐ 7,500 ரூபாய்க்கு உக்கடத்தில் ஒருவர் தருகிறார், பில்லும் இருக்கிறது. மற்றவை புதிது. எஸ்எம்பிஎஸ் 5,000, கேபினெட் 3,000. மொத்தம் 59,500. மீதி ஐந்நூறு ரூபாயைப் பார்த்துவிட்டு, ‘இதுக்கு ஒரு நல்ல பிளக் பாயிண்ட் போடு’ என்றார் அப்பா.

பவானிக்கூடல்:
போடும்போது மூன்றாவது பின்னுக்கு எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்தால், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் காட்டுவதற்குப் பக்கத்தில் காட்டவேண்டும்.

நொய்யல்கரை:
பி450 போர்டை வாங்கும்போது 5600க்கான பயாஸ் ஏற்கெனவே ஏற்றப்பட்டதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் திரை கறுப்பாகவே நிற்கும்.