கமிஷன் யார் பேச்சைக் கேக்கணும்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
ஒரு டவுட்டுங்க. நம்ம கேரளால கரண்ட் ரேட்டை மின்சார ரெகுலேட்டரி கமிஷன்தான் முடிவு பண்ணுதுன்னா கவர்மென்ட் எதுக்கு நடுவுல வருது? அந்த 465 மெகாவாட் கரண்ட் வாங்கற காண்ட்ராக்ட் விஷயம் எனக்கு இன்னும் புரியல.

சித்தூர் அண்ணன்:
தம்பி, நம்ம கரண்ட் போர்டு 25 வருசத்துக்கு போட்ட காண்ட்ராக்ட் அது, யூனிட் 4 ரூபா சொச்சம், டெண்டர் விட்ட முறை சரியில்லன்னு 2023 மே மாசம் கமிஷன் அதுக்கு ஒப்புதல் தர முடியாதுன்னுடுச்சு, அப்புறம் வெளில அதைவிட கூட ரேட்டுக்கு வாங்க வேண்டியதாச்சு, உடனே கவர்மென்ட் மின்சாரச் சட்டம் 108ஆம் பிரிவுல மறுபடி பாருன்னு சொல்ல டிசம்பர்ல அதே கமிஷன் சரின்னுடுச்சு. 2024 ஜூலைல டெல்லில இருக்கற மின்சார அப்பீல் டிரிபியூனல் அந்த ஒப்புதலையும் ரத்து பண்ணிருச்சு.

மீனாட்சிபுரம் அக்கா:
108ல இருக்கறது "கொள்கை விஷயத்துல வழிகாட்டுதல்" அவ்வளவுதான், கேஸ்ல இப்படித்தான் தீர்ப்பு எழுதுன்னு சொல்றதுக்கு இல்ல. ஆனா கமிஷனுக்கு ஆளைப் போடறதே கவர்மென்ட்தானே, செலக்சன் கமிட்டில சீஃப் செக்ரட்டரி உக்காந்திருக்காரு. போட்டா 5 வருசம், இல்லாட்டி 65 வயசு, நெனச்சவுடனே தூக்க முடியாது, அது ஒண்ணு நல்லது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அப்ப கமிஷனே தப்பு பண்ணா யாரு கேக்கறது அக்கா?

மீனாட்சிபுரம் அக்கா:
அப்பீல் டிரிபியூனல், அதுக்கு மேல சுப்ரீம் கோர்ட். ஆனா அதுக்கு முன்னாடி ரேட் ஏத்தறப்ப பொது விசாரணை வெப்பாங்க, நம்ம ஊர்லருந்து யாராச்சும் போயிருக்கமா? பேப்பரெல்லாம் மலையாளத்துல இங்கிலீஷ்லன்னு வேற சாக்கு.

சித்தூர் அண்ணன்:
சாக்கு இல்லம்மா, எங்கப்பாவுக்கு மெய்யாலுமே படிக்க வராது.