சீன அதிமதுரமும் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையும்

பாலக்கோட்டுவாசி (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தந்தை எங்கள் பகுதியில் நெடுங்காலம் தெருக்கூத்தில் வேடம் கட்டி வருபவர். விடிய விடியப் பாட வேண்டியிருப்பதால், கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரத்தை அடக்கிக்கொள்வார். அதனால் இதுவரை எந்தத் தொல்லையும் இல்லை. இந்த ஆண்டு திருவிழாக் கூத்துகள் தொடங்குமுன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் அங்குள்ள சீன மருந்துக் கடையிலிருந்து ஒரு பை நிறைய வேர்ச் சீவல் வாங்கிவந்து கொடுத்தான். சாய்வாக நறுக்கிய வில்லைகள். ஓரத்தில் செம்பழுப்புத் தோல், நடுவில் மஞ்சள், தொட்டால் விரலில் லேசாக ஒட்டுகிறது. ருசி பிடித்துப்போய், நாள் தவறாமல் ஒரு கைப்பிடி கொதிக்கவைத்துக் குடிக்கிறார். எஞ்சியதை மென்றும் தின்கிறார்.

அவர் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையும், அதனுடன் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறார். சில வாரங்களாகக் கணுக்கால் வீங்குகிறது, கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, மாத்திரை தவறாமல் போட்டும் அழுத்தம் இறங்கவில்லை. சீன வேர் என்பதால் வந்த வினையா இது? நம் கடை அதிமதுரத்திற்கு மாற்றிக்கொண்டால் சரியாகிவிடுமா?

வேர்க்கடை, கிருஷ்ணகிரி:
தாங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால், அது சீனர்கள் கான்சாவ் என்று அழைக்கும் அதிமதுரம்தான். விரலில் ஒட்டுவதால் தேனில் வறுத்த வகையாக இருக்க வேண்டும். அந்நாட்டு மருந்து நூல் முறைப்படி, 100 பங்கு சீவலுக்கு 25 பங்கு தேனை வெந்நீரில் கரைத்துப் பிசிறி, கையில் அப்பிக்கொள்ளாத பதம் வரும்வரை வறுப்பார்கள்; லேசான பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். அங்கே யூராலென்சிஸ், இன்ஃப்ளாட்டா, கிளாப்ரா ஆகிய மூன்று இனங்களையும் ஒரே மருந்தாக ஏற்கிறார்கள். நம் கடைகளில் விற்பது கிளாப்ரா. அதுவும் தருமபுரி மண்ணில் விளைந்ததன்று. பெரும்பாலும் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வருவது. எனவே உள்ளூர் வேர், வெளிநாட்டு வேர் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. குன்றிமணி வேரை அதிமதுரம் என்று கலந்து விற்பவர்களும் உண்டு என்பதால் முறிக்காத குச்சியாகப் பார்த்து வாங்குங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வேன்; ஆனால் தங்கள் தந்தையின் சிக்கல் கலப்படத்தால் வந்ததாகத் தெரியவில்லை.

மருந்தாளுநர், அரூர்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் அளவிலும், சாப்பிட்ட காலத்திலும், அந்த நீர் மாத்திரையிலும் இருக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் என்ற பொருள், சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதியைத் தடுத்துவிடுகிறது. தடை விழுந்ததும் அந்தக் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற மற்றொரு சுரப்பு செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்யத் தொடங்குகிறது; அதாவது உப்பும் நீரும் உடலில் தங்கி அழுத்தம் ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. பலர் சாப்பிடும் நீர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவையே. இரண்டும் சேர்ந்தால் தசை சோர்ந்துபோவது மட்டுமன்று, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

கணக்கும் பார்த்துவிடுவோம். சீன மருந்து நூல் வறுக்காத வேரில் குறைந்தது 2 சதவீதம் கிளைசிரைசின் அமிலம் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் 5 கிராம் வேரிலேயே 100 மில்லிகிராம் ஆயிற்று. ஐரோப்பிய ஆணையத்தின் உணவு அறிவியல் குழு 2003இல் ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று சொன்ன அளவும் அதே 100 மில்லிகிராம்தான். தேனில் வறுத்ததில் இது குறைவு, முழுவதும் கஷாயத்தில் இறங்காது என்றாலும், ஒரு கைப்பிடி வேரைக் காய்ச்சிக் குடித்து மிச்சத்தை மென்றும் தின்பவர் அந்த வரம்பை எளிதில் தாண்டியிருப்பார். இன்றே வேரை நிறுத்துங்கள். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். நாளைக் காலையிலேயே பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டுவது) பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். நெஞ்சு படபடப்போ மயக்கமோ தெரிந்தால் காலை வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சித்த மருத்துவர், ஊத்தங்கரை:
மருந்தாளுநர் சொன்னது சரி. ஆயினும் இதைப் படிப்பவர்கள் அதிமதுரத்தையே நஞ்சென்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். சீன மருத்துவர்கள் ஏராளமான கூட்டு மருந்துகளில் இதைச் சேர்ப்பது, மற்ற மூலிகைகளின் கடுமையைத் தணித்து ஒன்றோடொன்று இணங்கச் செய்வதற்காக. அளவு நாளொன்றுக்கு 2 முதல் 10 கிராம். அதுவும் நோயாளியைப் பார்த்து, நாள் வரையறுத்துத் தருவது. நாமும் இருமலுக்கும் தொண்டைக் கட்டுக்கும் சூரணமாகச் சில நாள்களுக்குத்தான் கொடுக்கிறோம். தேநீர்போல மாதக்கணக்கில் குடிக்கும்படி இந்த இரு மரபுகளும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. ஒன்றோடொன்று சேரக் கூடாதவை என்று சீன மரபு வகுத்த பட்டியலில், அதிமதுரத்துடன் சேர்க்கலாகாதவை நான்கு. அவற்றில் மூன்று, உடலில் தேங்கிய நீரைக் கடுமையாக வெளியேற்றும் மூலிகைகள், அவற்றுள் இரண்டு கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர்கள் சொன்ன காரணம் வேறாக இருக்கலாம். ஆனாலும் நீர் மாத்திரையையும் அதிமதுரத்தையும் ஒன்றாகப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பட்டியல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பாலக்கோட்டுவாசி:
தங்கள் அனைவருக்கும் நன்றி. பரிசோதனையில் பொட்டாசியம், இயல்பின் கீழ் வரம்பான 3.5க்கும் கீழே வந்தது. மருத்துவரிடம் வேர்ப் பையையே எடுத்துச்சென்று காட்டினேன். அவர் நீர் மாத்திரையை மாற்றி, பொட்டாசிய மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார். வேரை நிறுத்தியும் அழுத்தம் இன்னும் முழுதாக இறங்கவில்லையே, இது இயல்பா? கூத்து நாள்களில் தொண்டைக்கு மட்டும் ஒரு சிறு துண்டு வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்.

மருந்தாளுநர், அரூர்:
இயல்புதான். அந்த நொதி பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரை அழுத்தத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள், மருத்துவர் சொன்ன நாளில் பொட்டாசியத்தையும் மறுபடி பாருங்கள். துண்டு வேண்டாம், சிறிதாகத் தொடங்குவது மீண்டும் கைப்பிடியில்தான் போய் நிற்கும். தொண்டைக்கு வேண்டுமானால் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காரம் சற்று இருக்கும், கிளைசிரைசின் இல்லை.