கேமராவும் தட்டாம்பயறும்

ஆச்சி வீடு (குடும்பக் குழு)

வியாழன், இரவு 8:10

நான்: துபாய் அத்தான் கொடுத்துவிட்ட நிக்கான் டி5600 கேமரா ஒரு வாரமாக பீரோவில் தூங்கியது. இன்றைக்குத்தான் பையைத் திறந்தேன். ஆன் ஆகிறது, ஆனால் படம் எடுக்க மாட்டேன் என்கிறது. ஜூம் ரிங்கைத் திருப்பு என்று ஸ்கிரீனில் வருகிறது. திருப்பினால் அசையவில்லை. உடைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி: அக்கா, பலத்தைக் காட்டாதே. லென்ஸ் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே திருப்பு. 18-இல் வந்து நிற்கும்.

நான்: வந்துவிட்டது!!

துபாய் அத்தான்: சொல்ல மறந்துவிட்டேன் மா. அந்த 18-55 எம்எம் லென்ஸ் பைக்குள் அடங்குவதற்காகச் சுருங்கிக்கொள்ளும். விரித்தால்தான் எடுக்கும்.

டவுன் சித்தி: குடையை விரிக்காமலே மழையில் நின்றாளாம்.

நான்: சித்தி, போங்க. இன்னொரு சந்தேகம். கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் கலங்கலாக இருக்கிறது. எடுத்த படம் மட்டும் தெளிவாக வருகிறது. லென்ஸ் கெட்டுப்போச்சா?

அம்பை பெரியப்பா: படம் தெளிவு என்றால் லென்ஸுக்கு ஒன்றுமில்லை. கேமரா அத்தான் கண்ணுக்கு ஏற்றபடி இருக்கிறது, உன் கண்ணுக்கு இல்லை. கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் தெரிகிறதா? அதைத் திருப்பு. திருப்பும்போது வெளியே இருக்கிற ஆளைப் பார்க்காதே. உள்ளே கீழ்வரிசையில் ஓடுகிற எண்களைப் பார். அது கூர்மையானால் போதும்.

நான்: பெரியப்பா, பளிச்சென்று ஆகிவிட்டது. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்கிறேன்.

அம்பை பெரியப்பா: அப்படியே பார். என் ஸ்டூடியோவில் வேலைக்கு ஒரு பையன் இருந்தான். இந்தச் சக்கரம் தெரியாமல் மூன்று மாதம் ‘அண்ணாச்சி, எனக்குக் கண் போய்விட்டது’ என்று அழுதான். சொந்தச் செலவில் கண் ஆஸ்பத்திரிக்கே போய் வந்தான்.

வெள்ளி, காலை 6:50

டவுன் சித்தி: (படம்: தாமரைப் பூ, ‘இனிய காலை வணக்கம்’)

நான்: வணக்கம் சித்தி. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான்களை ஆன்லைனில் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். யூவி ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடி) இரண்டு, ட்ரைபாட், ஃப்ளாஷ், கூடுதல் பேட்டரி, 128 ஜிபி கார்டு, துடைக்கிற கிட். அப்புறம் பழைய சாமான் விற்கிற ஆளிடம் ஒரு 50 எம்எம் லென்ஸ் 5,500-க்குப் பேசி வைத்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து 19 ஆயிரம் தாண்டுகிறது.

அம்பை பெரியப்பா: கல்யாண ஆர்டர் ஏதும் பிடித்திருக்கிறாயா அம்மாடி?

தம்பி: அக்கா, 50 எம்எம்முக்குப் பணம் கொடுத்துவிட்டாயா? லென்ஸ் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேள்.

நான்: இன்னும் கொடுக்கவில்லை. ஏஎஃப் நிக்கோர் 50 எம்எம் 1:1.8 டி. நிக்கான் லென்ஸ்தானே?

தம்பி: நிக்கான்தான். ‘ஏஎஃப்’ என்று மட்டும் இருக்கிறதே, அதுதான் பிரச்சினை. இந்த மாதிரிப் பழைய லென்ஸ்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கிற மோட்டார்தான் ஒரு திருகை வைத்து அதைத் திருப்பும். உன்னுடைய டி5600-க்குள் அந்த மோட்டார் இல்லை. மாட்டலாம், படமும் எடுக்கலாம், ஆனால் ஃபோகஸ் முழுக்கக் கையால்தான். உனக்கு ஏஎஃப்-எஸ் என்று போட்ட 50 தான் சரி.

நான்: ஏஎஃப்-எஸ் என்றால் மெனுவிலும் வருகிறதே. அதுவும் இதுவும் ஒன்றா?

தம்பி: இல்லை, குழப்பமே அதில்தான். லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்றால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். மெனுவில் ஏஎஃப்-எஸ் என்றால் ஒருமுறை ஃபோகஸ் பிடித்து அப்படியே நிறுத்திக்கொள்ளும், உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு. பறக்கிற பறவைக்கு ஏஎஃப்-சி போட வேண்டும். பொத்தானைப் பாதி அமுக்கிப் பிடித்திருக்கும்வரை பின்தொடர்ந்துகொண்டே இருக்கும்.

துபாய் அத்தான்: ஒரே பேரை இரண்டு இடத்தில் வைத்துக் குழப்பிவிட்டார்கள். நானும் ஆரம்பத்தில் விழுந்த குழிதான்.

நான்: சரி, 50-ஐப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன். ஃபில்டர்?

துபாய் அத்தான்: இரண்டும் ஒரே அளவாகப் போட்டிருக்கிறாயா?

நான்: ஆமாம், 58.

துபாய் அத்தான்: பையில் இருக்கிற பெரிய லென்ஸ், 70-300-க்குத்தான் 58 எம்எம். சின்ன 18-55-க்கு 55. நானும் ஒரு கடையில் ‘எல்லாம் இதுதான் சார்’ என்று சொன்னதை நம்பி வாங்கி, இரண்டாவது ஃபில்டர் இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. மூடியின் உள்பக்கம் பார், எண் போட்டிருக்கும்.

அம்பை பெரியப்பா: இரண்டுமே வேண்டாம். மலிவுக் கண்ணாடியை நல்ல கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும். பையில் ஹூட், லென்ஸ் முனையில் மாட்டுகிற குழல், இருக்கிறது அல்லவா? அதை மாட்டு. வெயிலையும் தடுக்கும், எங்காவது இடித்தால் அடியை முதலில் அது வாங்கிக்கொள்ளும்.

நான்: மாட்டித்தான் இருக்கிறது. (படம்)

தம்பி: அக்கா, தலைகீழாக மாட்டியிருக்கிறாய். பின்பக்கம் பார்த்து இருந்தால் அது பைக்குள் வைக்கிறதற்கு. எடுக்கும்போது முன்பக்கம் பார்த்துத் திருப்பி மாட்ட வேண்டும்.

டவுன் சித்தி: இவள் சேலையையும் ஒருநாள் உள்பக்கம் வெளியே கட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனவள்தானே.

நான்: அது பல வருஷத்துக்கு முந்தின கதை சித்தி. மிச்சத்தையும் சொல்லுங்கள். பேட்டரி?

துபாய் அத்தான்: ஒரு நாளுக்கு ஒன்று போதும். கண் வைத்துப் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜில் 970 படம் என்று நிக்கான் கணக்குச் சொல்கிறது. செல்போன் மாதிரி பின் ஸ்கிரீனைப் பார்த்தே எடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். பழக்க தோஷத்தில் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

தம்பி: கார்டு வாங்கு. 64 ஜிபி போதும். கம்ப்யூட்டரில் அழிக்காதே, கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் பண்ணு. ஃப்ளாஷை முதலில் எடு கூடையிலிருந்து. பறவைகள் கூடு கட்டியிருக்கிற இடத்தில் யாராவது ஃப்ளாஷ் அடிப்பார்களா? கூந்தன்குளத்தில் தீபாவளிக்கு வெடிகூட வெடிக்க மாட்டார்கள்.

அம்பை பெரியப்பா: அது உண்மை. நாரை வந்தால் மழை நன்றாக இருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு நம்பிக்கை. வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். பால்பாண்டி இருந்தவரை கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளையெல்லாம் எடுத்து வளர்த்தார். அவர் பேரைச் சொன்னாலே அங்கே வழிவிடுவார்கள்.

வெள்ளி, இரவு 9:25

நான்: ட்ரைபாட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

தம்பி: அங்கே வாட்ச் டவரில் மூன்று காலையும் விரித்தால் மற்றவர்கள் நிற்க இடம் இருக்காது. ஒரு பை தைத்துக் கொண்டுபோ. உள்ளே பயறு போட்டு, கைப்பிடிச் சுவர் மேல் வைத்து, அதன்மேல் லென்ஸை வைத்தால் அப்படியே பதிந்து உட்கார்ந்துவிடும். அரிசியைவிடப் பெரிய மணி நல்லது. பையை முழுக்க நிரப்பாதே, முக்கால் பங்கு போதும். இறுக்கிக் கட்டினால் பந்து மாதிரி உருளும்.

டவுன் சித்தி: ஆச்சி இங்கே கேட்டுக்கொண்டு இருக்கிறாள். தாத்தாவின் பழைய காக்கி டவுசர் கால் ஒன்றை வெட்டி இரண்டு முனையையும் தைத்துத் தருகிறாளாம். தட்டாம்பயறு ஒன்றரைக் கிலோ இருக்கிறதாம்.

நான்: ஆச்சி வாழ்க!

அம்பை பெரியப்பா: துடைக்கிற கிட்டில் இருக்கிற ஊதுபந்தை மட்டும் வாங்கு. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். இன்னொன்று முக்கியம். அந்தத் தோல் பையோடு பீரோவுக்குள் வைத்திருந்தாய் அல்லவா? இனிமேல் வைக்காதே.

நான்: ஏன் பெரியப்பா? அத்தான் அவ்வளவு அழகான பை கொடுத்திருக்கிறார்.

அம்பை பெரியப்பா: தூக்கிக்கொண்டு போகத்தான் பை. வீட்டில் வைக்க அல்ல. என்னிடம் ஒரு 135 எம்எம் லென்ஸ் இருந்தது. தோல் உறையில் போட்டு, பத்திரம் என்று நினைத்து, அலமாரிக்கு மேலே வைத்திருந்தேன். ஒரு சாரல் சீசன் முழுக்க எடுக்கவே இல்லை. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்கு உள்ளே ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிலந்தி வலை மாதிரி இழை இழையாக ஓடியிருக்கிறது. பூஞ்சை. வெளியே துடைத்தால் போகுமா? உள்ளே அல்லவா இருக்கிறது. மதுரைக்குக் கொடுத்துவிட்டுப் பிரித்துச் சுத்தம் செய்தேன். கண்ணாடி மேல் பூச்சை அது அரித்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த லென்ஸில் விளக்கு எதிரே வந்தால் ஒரு புகை மூட்டம்தான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊரில் மழை குறைவு என்று நினைக்காதே. தென்மேற்குக் காற்று அடித்தால் அம்பை, கல்லிடை, பாபநாசம் எல்லாம் ஈரம்தான்.

நான்: அப்படியானால் எங்கே வைக்க?

அம்பை பெரியப்பா: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா. முறுக்குப் போட்டு வைப்போமே, அந்த மாதிரி. உள்ளே சிலிகா ஜெல்.

டவுன் சித்தி: அரிசி போட்டால் ஆகாதா அத்தான்? செல்போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில்தானே போடுகிறோம்.

அம்பை பெரியப்பா: அரிசியின் தவிட்டுத் தூசி லென்ஸ் மடிப்பெல்லாம் புகுந்துவிடும். வேண்டாம். சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தில் வருவதை வாங்குங்கள். ஈரம் குடித்தால் நிறம் மாறும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருக்கிறது. திரும்பக் காய வைக்கிறேன் என்று அதைச் சமையல் சட்டியில் போட்டு வறுத்துவிடக் கூடாது.

பெரியம்மா: முறுக்கு டப்பாவை யாரும் தொடக் கூடாது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சனி, மாலை 5:30

நான்: மாடியில் நின்று காக்கையை எடுத்துப் பார்த்தேன். 40 படத்தில் 38 கோடு கோடாக வருகிறது. (படம்)

தம்பி: கை ஆடியிருக்கிறது. 300-இல் ஜூம் வைத்து, ஷட்டர் வேகம் 1/125 நொடியில் எடுத்திருக்கிறாய். டயலை எஸ்-இல் வைத்து 1/1000 போடு. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஆட்டோ, மேல் எல்லை 3200. ஏஎஃப்-சி. இருக்கிற 39 ஃபோகஸ் புள்ளியில் நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடு. இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வேறு எதையும் தொடாதே.

துபாய் அத்தான்: இந்த கேமராவில் படம் பதிகிற சென்சார் பிலிமைவிடச் சிறியது. 300 என்பது பிலிம் கணக்குக்கு 450 மாதிரி நெருங்கும். அதனால் கை ஆட்டமும் அந்த அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

அம்பை பெரியப்பா: 450-ஆ! 135-ஐ வைத்துக்கொண்டு நான் மணவறையையே எட்டிப் பிடிக்க முடியாமல் நாற்காலி மேல் ஏறி நின்றவன்.

ஞாயிறு, காலை 6:35

நான்: மூலைக்கரைப்பட்டி தாண்டியாச்சு. பனி இருக்கிறது.

நான்: (7:12) கார்டு லாக் என்று வருகிறது!! பறவையெல்லாம் கண் முன்னால் நிற்கிறது. தம்பி எழுந்திரு.

தம்பி: கார்டை வெளியே எடு. பக்கவாட்டில் மேலும் கீழும் நகர்கிற ஒரு பொடிப் பொத்தான் இருக்கும், அது கீழே இறங்கியிருக்கும். மேலே தள்ளு.

நான்: சவம், கண்ணுக்கே தெரியவில்லை. நகத்தால் தள்ளினேன். சரியாகிவிட்டது.

நான்: (7:40) கூழைக்கடா வெள்ளைச் சுவர் மாதிரி வருகிறது. இறகே தெரியவில்லை. (படம்)

அம்பை பெரியப்பா: கறுத்த தண்ணீர் நிறையத் தெரிவதால், இருட்டு என்று நினைத்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் பிளஸ் மைனஸ் போட்ட பொத்தான் இருக்கும். அதை அமுக்கிக்கொண்டு சக்கரத்தை மைனஸ் பக்கம் இரண்டு சொடுக்கு திருப்பு. வானத்தில் பறக்கிறதை எடுக்கும்போது பிளஸ் பக்கம், இல்லையென்றால் பறவை கரிக்கட்டையாக வரும்.

நான்: (8:05) (படம்)

அம்பை பெரியப்பா: அடடே. அலகுக்குக் கீழே பையின் நரம்புகூடத் தெரிகிறதே.

நான்: தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துக் கூட்டம் ஒன்று தூரத்தில் இருக்கிறது. வரித்தலை வாத்தாம். இமயமலையைத் தாண்டி வந்தது என்று பக்கத்தில் நிற்கிற தாத்தா சொல்கிறார். 300-உம் எட்டவில்லை. சின்னவள் என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள், நான் அவள் பின்னால் வரிசையில் நிற்கிறேன்.

துபாய் அத்தான்: குழுவில் அனுப்பும் படம் எல்லாம் சுருங்கிப்போய் வருகிறது. ராத்திரி டாக்குமெண்டாக அனுப்பு, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

நான்: சரி அத்தான். ஆச்சி பைதான் இன்றைக்கு ஹீரோ. இரண்டு பேர் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டார்கள்.

டவுன் சித்தி: ஆச்சி கேட்கிறாள், பையை ஈரத் தரையில் வைத்தாயா என்று. வைத்திருந்தால் பயறு முளை கட்டிவிடுமாம். நேரே இங்கே கொண்டு வா, சாயங்காலம் குழம்பு வைத்துவிடுகிறாளாம்.

நான்: அய்யோ, அடுத்த வாரமும் போகிறேன் சித்தி. பையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

டவுன் சித்தி: சொன்னேன். அப்படியானால் ஒன்றரைக் கிலோ பயறு வாங்கி வரச் சொல்கிறாள்.