மனோரஞ்சிதம் என்று வாங்கிய செடி: பூ வேறாக இருக்கிறது, புது இலைகளும் வெளுக்கின்றன

வைகைக்கரை (மதுரை)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஒரு நாற்றுப்பண்ணையில் மனோரஞ்சிதம் என்று சொல்லி விற்ற தொட்டிச் செடியொன்றை வாங்கி வந்தோம். இப்போது இடுப்புயரத்திற்குப் புதராக வளர்ந்து பூக்கவும் தொடங்கியிருக்கிறது. ஆனால் என் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் இருந்த மனோரஞ்சிதத்திற்கும் இதற்கும் பொருத்தமே தெரியவில்லை. அங்கே பூ தடித்த இதழ்களுடன் இலைகளுக்குள் ஒளிந்திருக்கும். பழுத்த பழம் ஒன்றை அருகில் வைத்ததைப் போன்ற மணம் வரும். இதிலோ நீண்டு மெலிந்து சுருண்ட இதழ்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. பச்சையாக மலர்ந்து மஞ்சளாக மாறுவது மட்டும் ஒன்றாக இருக்கிறது. மாலைக்கு மேல் வாசனைத் தைலத்தைப் போன்ற கனமான மணம் வீசுகிறது.

இரண்டாவதாக, புதிதாக வரும் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றுகிறோம்; அந்த நீர் காய்ந்தால் வாளியில் வெள்ளையாகப் படியும். இது எந்தச் செடி, நிலத்தில் இறக்கி நடலாமா, இலை வெளுப்பதற்கு என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். இந்த மணத்திற்குப் பாம்பு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் நடவே தயங்குகிறார்கள். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

தாவரவியல் ஆசிரியை (நாகர்கோவில்)

வணக்கம் ஐயா. மனோரஞ்சிதத்தை அடையாளம் காண்பதற்கு நிறத்தையும் மணத்தையும் நம்பாமல் பூக்காம்பைப் பாருங்கள். ஆர்டபாட்ரிஸ் ஹெக்சாபெட்டலஸ் என்னும் உண்மையான மனோரஞ்சிதத்தில், பூவைத் தாங்கும் தண்டு தடித்துக் கொக்கியாக வளைந்திருக்கும். பூவும் காயும் உதிர்ந்த பிறகும் அந்தக் கொக்கி கட்டையாக இறுகிக் கிளையிலேயே நிற்கும். அதைப் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டுதான் செடி மேலே ஏறுகிறது. பூவில் மூன்று மூன்றாக இரண்டு வட்டங்களில் ஆறு இதழ்கள் மட்டுமே இருக்கும். அவை தோல் போலத் தடித்திருக்கும். பச்சையாக இருக்கும்போது மணம் ஏறக்குறைய இராது, மஞ்சளான பிறகே பழவாசனை எழும்.

உங்கள் விவரிப்பைப் பார்த்தால், கனங்கா ஒடோராட்டா என்ற மரத்தின் குட்டை வகையே உங்கள் கையில் இருப்பதாகத் தோன்றுகிறது. உலகச் சந்தையில் யிலாங்-யிலாங் என்று சொல்லப்படும் வாசனைத் தைலம் இந்த இனத்தின் மரவகையிலிருந்து எடுக்கப்படுகிறது. இரண்டும் சீத்தாப்பழக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் பழக்கமும் கொத்தாகக் காய்க்கும் பழக்கமும் பொதுவானவை. நாற்றுப்பண்ணைகளில் பெயர் மாறுவதற்கு இதுவே இடம் கொடுக்கிறது. கிளைகளில் எங்காவது கொக்கி இருக்கிறதா, ஒரு பூவில் எத்தனை இதழ்கள் என்று பார்த்துச் சொன்னால் உறுதியாகிவிடும்.

இதே குடும்பத்தில் டெஸ்மாஸ் சைனென்சிஸ் என்று மூன்றாவது ஒரு செடியும் இந்தக் குழப்பத்தில் வந்து சேர்வதுண்டு. அதன் பூ மெல்லிய நீண்ட காம்பில் தொங்கும். காயோ விதைக்கு விதை இடுங்கி மணிகளைக் கோத்தது போல இருக்கும். காய் கண்ணில் படும் வரை அதை முழுவதுமாக ஒதுக்க வேண்டாம்.

பாம்பைப் பற்றி: பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலும் தரையிலும் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பால் உணர்கிறது. அது தேடுவது எலி, தவளை, பல்லி ஆகியவற்றின் தடத்தை. பூமணத்தில் அதற்கு இரை இல்லை. மனோரஞ்சிதம் கவாத்துச் செய்யாமல் விட்டால் அடர்ந்த புதராகித் தரையை மூடிவிடும். அந்த நிழலில் எலி குடியேறினால் பாம்பும் வரக்கூடும், அது மல்லிகைப் புதருக்கும் பொருந்தும். அடிப்பகுதியை ஒன்றரை அடிக்குக் கிளையின்றி வைத்துக்கொண்டால் பெரியவர்களின் அச்சத்திற்கும் மதிப்புக் கொடுத்ததாகும்.

வைகைக்கரை (மதுரை)

மிக்க நன்றி அம்மா. செடி முழுவதும் தேடிவிட்டேன், கொக்கி ஒன்றுகூட இல்லை. ஒரு பூவைப் பிரித்துப் பார்த்ததில் ஆறுக்கும் மிகுதியான இதழ்கள், ஒவ்வொன்றும் முறுக்கிய நாடாவைப் போல இருந்தன. காய் இதுவரை பிடித்ததே இல்லை.

தாவரவியல் ஆசிரியை (நாகர்கோவில்)

அப்படியானால் ஐயமில்லை, அது குட்டைக் கனங்காதான். மரவகையிலும் டெஸ்மாஸிலும் ஆறு இதழ்களே இருக்கும். மிகுதியான, சுருண்ட இதழ்கள் இந்தக் குட்டை வகைக்கே உரியவை. அது காய்ப்பதும் அரிது, ஆகவே பெரும்பாலும் பதியத்தின் மூலம், அதாவது கிளையைத் தாய்ச்செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்து, பெருக்குகிறார்கள்.

கொடிக்கால் (திண்டுக்கல்)

இலை வெளுப்பிற்கு எப்சம் உப்பு கரைத்து ஊற்றுங்கள், என் எலுமிச்சைச் செடியில் அதனால் நல்ல பலன் கிடைத்தது. தொட்டியில் இருப்பதால் வேரும் இறுகியிருக்கும். உடனே நிலத்தில் இறக்கிவிடுவது நல்லது.

முல்லைப்பந்தல் (கோயம்புத்தூர்)

கொடிக்கால் அவர்களின் கருத்திலிருந்து சற்று வேறுபடுகிறேன். எப்சம் உப்பு தருவது மக்னீசியத்தை. அந்தச் சத்து குறைந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அதை உறிஞ்சிப் புதிய தளிர்களுக்கு அனுப்பிவிடும். ஆகவே வெளுப்பு அடி இலைகளில்தான் முதலில் தோன்றும். இரும்புச்சத்தோ அப்படி இடம் மாறுவதில்லை, அதன் குறை தளிரிலேயே தெரியும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் புது இலை என்று கேள்வியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். வாளியில் வெள்ளைப் படிவு வேறு. மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்த நீர் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளிவிடுவதால் வேர் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. சற்றே புளிப்பான, இலைமக்கு நிறைந்த, ஈரக்காற்றுள்ள நிலத்திலிருந்து வந்த செடிக்கு மதுரைக் கிணற்று நீர் ஒத்துக்கொள்ளாததில் வியப்பில்லை.

உடனடியாகச் செய்யக்கூடியது இலைவழித் தெளிப்பு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பதும் உரக்கடையில் இரும்பு சல்பேட் என்று கிடைப்பதும் ஒன்றுதான். தெளிப்பதற்கு உரக்கடைச் சரக்கே தூய்மையாக இருக்கும். ஒரு லிட்டர் நல்ல நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். முன்பே வெளுத்த இலை முழுப் பச்சையாகத் திரும்பாவிட்டாலும் அடுத்து வரும் தளிர் பச்சையாக வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கொள்ளலாம். சுவரிலும் தரைக்கல்லிலும் பட்டால் துருக்கறை போகாது என்பதை மறக்க வேண்டாம்.

அன்னபேதியை மண்ணில் கொட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; காரமண்ணில் அது விரைவில் கரையாத நிலைக்குப் போய்விடும். மண்ணுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. என்று உறையில் குறிப்பிட்ட கொடுக்கிணைப்பு இரும்பை (செலேட், அதாவது மண்ணில் கரையும் நிலையிலேயே இருக்கும்படி வேறொரு பொருளுடன் பிணைத்த இரும்பை) வாங்குங்கள். விலை குறைவான இ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் நிலைக்காது. நிலையான தீர்வு தண்ணீரை மாற்றுவதுதான்: மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து வாரத்தில் ஓரிரு முறையாவது அதை ஊற்றுங்கள், தூரைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்திற்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். அடுப்புச் சாம்பலைத் தூரில் போடும் வழக்கம் இருந்தால் இந்தச் செடிக்கு மட்டும் நிறுத்திவிடுங்கள், அது காரத்தை மேலும் கூட்டும்.

பினாங்குத் தோட்டம் (மலேசியா)

வணக்கம். இங்கே மலாய் மொழியில் இதைக் கெனாங்கா என்பார்கள். மரவகை பல வீடுகளில் நிற்கிறது. நீங்கள் வைத்திருப்பது குட்டை வகை என்பதில் உங்களுக்கு நன்மையே. மரவகை விரைவாக உயர்ந்து பூவெல்லாம் எட்டாத உயரத்திற்குப் போய்விடும். தைலத்திற்காகப் பயிரிடும் கொமோரோஸ் தீவுகளில் பூப்பறிக்க வசதியாக நுனியை வெட்டி, கிளைகளைக் கீழே வளைத்துக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். குட்டை வகைக்கு அந்த வேலை இல்லை. பூ ஓய்ந்த நேரத்தில் நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் பக்கக் கிளை விட்டு மீண்டும் பூக்கும்.

உங்கள் ஊர் வெயிலைக் கருதினால் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் விழும் கிழக்குப் பக்கச் சுவரோரம் பொருத்தமான இடம். வறண்ட காற்று நேராக அடிக்கும் மூலையில் வைத்தால் இலைவிளிம்பு கருகும்.

வைகைக்கரை (மதுரை)

கிழக்குச் சுவரோரம் இடம் இருக்கிறது. ஆனால் அங்கே வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் கலவையும் செங்கல் துண்டுகளும் மண்ணில் கிடக்கின்றன. அப்படியும் நடலாமா? பாட்டி வீட்டில் இருந்த உண்மையான மனோரஞ்சிதமும் ஒன்று வேண்டும். அந்தக் கொடி இன்னும் ஊரில் உயிரோடு இருக்கிறது.

முல்லைப்பந்தல் (கோயம்புத்தூர்)

சிமெண்டுக் கழிவு கிடக்கும் மண்ணில் நட வேண்டாம். அது சுண்ணாம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டடிக் குழி எடுத்து அந்த மண்ணை அகற்றிச் செம்மண், மட்கிய தொழு உரம், இலைமக்கு ஆகியவற்றைச் சம அளவில் நிரப்ப முடியுமானால் நடுங்கள். முடியாவிட்டால் பதினெட்டு அங்குலத் தொட்டிக்கு மாற்றி அதே இடத்தில் வைத்துவிடுங்கள், குட்டை வகை தொட்டியிலேயே நிறைவாகப் பூக்கும். எதுவானாலும் கோடையில் கைவைக்காமல், உங்கள் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசி வரை பொறுத்திருங்கள்.

தாவரவியல் ஆசிரியை (நாகர்கோவில்)

ஊரில் கொடி இருப்பது நல்ல வாய்ப்பு ஐயா. மனோரஞ்சிதம் தென்னிந்தியாவிற்கும் இலங்கைக்கும் உரிய செடி. கனங்காவைப் போல் நம் வறட்சிக்கு வாடாது. வெறும் குச்சியை வெட்டி நட்டால் வேர் விடுவது கடினம், ஆகவே மண்பதியமே சிறந்தது. பென்சில் பருமனுள்ள தாழ்ந்த கிளையின் அடிப்பட்டையை ஓரங்குல நீளத்திற்குச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் வளைத்துப் புதைத்துக் கல்லை வைத்து அழுத்துங்கள். மழைக்காலம் முழுவதும் ஈரம் காயாமல் இருந்தால் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்த்து இறுகி நிற்பது தெரிந்த பின்னரே தாய்க்கொடியிலிருந்து பிரிக்க வேண்டும். விதையும் முளைக்கும், ஆனால் முளைப்பதற்கே மாதங்களாகும், பூப்பதற்கு ஆண்டுகளாகும்.

நட்ட பிறகு தளிரில் முன்பக்கம் பருத்த பச்சைப் புழுக்களைக் கண்டால் மருந்தடிக்க வேண்டாம். சீத்தா, நெட்டிலிங்கம், மனோரஞ்சிதம் ஆகியவற்றில் முட்டையிடும், கறுப்பில் பச்சைப் புள்ளிகள் கொண்ட வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழுக்களாகவே அவை பெரும்பாலும் இருக்கும். வளர்ந்த கொடி அந்தச் சேதத்தைப் பொருட்படுத்தாது. பதியம் மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் புழுவை இலையோடு எடுத்து அருகிலுள்ள நெட்டிலிங்கத்தில் விட்டுவிடுங்கள்.