லிலிபொன்ட்: பாட்டு வரியின் எழுத்துரு மாறுதில்லை

இரணைமடு:
வணக்கம். கிளிநொச்சியில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நத்தார்ப் பாட்டுகளை நாலு குரலுக்கு லிலிபொன்டில் (கட்டளைகளை எழுதி இசைத்தாள் ஆக்கிற மென்பொருள்) அடிக்கிறம். சுரங்களுக்கு நடுவில் "\ஓவர்ரைட் லிரிக்டெக்ஸ்ட்.ஃபொன்ட்-நேம்" என்று பாட்டு வரிக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் குடுத்தால் பிழைச்செய்தியும் இல்லை, எழுத்தும் மாறுதில்லை. அதே இடத்தில் நோட்ஹெட்டுக்கு (சுரக்குறியின் தலை) நிறம் குடுத்தால் உடனே மாறுது. ஏன்? (கட்டளைகளைத் தமிழெழுத்தில் போட்டிருக்கிறன்.)

பாலைமரம்:
பெயர் சரி, இடம்தான் பிழை. தாளில் அச்சாகிற ஒவ்வொரு பொருளின் பண்புகளும் அது உருவாகிற சூழலின் (கொன்டெக்ஸ்ட்) பட்டியலில் கிடக்கும். நோட்ஹெட் வாய்ஸில் (ஒரு குரல்), கிளெஃப் (வரியின் தொடக்கக்குறி) ஸ்டாஃபில் (ஐந்து கோட்டு வரி), பார்நம்பர் (தாளப்பகுதியின் எண்) ஸ்கோரில் (முழு இசைத்தாள்), லிரிக்டெக்ஸ்ட் லிரிக்ஸில் (பாட்டு வரிகள்). சூழலின் பெயரைச் சொல்லாமல் சுரங்களுக்குள் எழுதினால் மாற்றம் வாய்ஸில் பதியும். அங்க லிரிக்டெக்ஸ்டே உருவாகாது, அதால சத்தமில்லாமல் வீணாகும். முன்னால லிரிக்ஸ் என்று சேர்த்தும் பிரயோசனமில்லை. வாய்ஸுக்கு மேலே ஸ்டாஃபும் ஸ்கோரும்தான், லிரிக்ஸ் வேற கிளை. இப்பிடிப் போடுங்கோ, நாலு குரலின் வரிகளும் ஒரேயடியாய் மாறும்:

\லேஅவுட் { \கொன்டெக்ஸ்ட் { \லிரிக்ஸ் \ஓவர்ரைட் லிரிக்டெக்ஸ்ட்.ஃபொன்ட்-நேம் = "நோட்டோ சான்ஸ் தமிழ்" } }

நந்திக்கடல்:
பண்பின் பெயரைப் பார்த்தே எந்தக் கட்டளை வேணும் என்று பிடிக்கலாம். இடையில் கோடு போட்ட ஃபொன்ட்-சைஸ் பொருளின் பண்பு, அதுக்கு \ஓவர்ரைட். கோடில்லாமல் நடுவில் பெரிய எழுத்து வாற ஃபொன்ட்சைஸ் சூழலின் பண்பு, அதுக்கு \செட். அளவு 0 என்றால் வழமை, 6 கூட்டினால் இரட்டிப்பு, –6 பாதி.

ஒரேயொரு சுரத்துக்கு மட்டும் என்றால் \ட்வீக் போதும். ஆனால் கிளெஃபுக்கும் டைம்சிக்னேச்சருக்கும் (தாளக்குறி) ட்வீக் எடுபடாது, "\ஒன்ஸ் \ஓவர்ரைட் ஸ்டாஃப்.கிளெஃப்" என்று சூழலோடு எழுதவேணும். டைம்சிக்னேச்சரை எடுக்க ஸ்டென்சில் என்ற, உருவை வரைகிற பண்புக்கு ##எஃப் குடுங்கோ. முதல் # லிலிபொன்டுக்குள் இருக்கிற ஸ்கீம் மொழிக்கு, மற்றது 'பொய்' என்ற மதிப்புக்கு. ஒன்றை விட்டால் பிழை காட்டும். அதுக்குப் பதில் டிரான்ஸ்பரன்ட் பண்பைப் போட்டால் உரு மறையும், இடம் மட்டும் வெறுமையாய்க் கிடக்கும்.

இரணைமடு:
எழுத்துரு வந்திட்டுது, நன்றி. பழைய கோப்பிலிருந்து ஒட்டின வரிகள் மட்டும் ஆங்கில எழுத்தாய் வருது.

பாலைமரம்:
அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிச்சதாய் இருக்கும். பாமினிக் கோப்புக்குள் இருக்கிறது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான், எந்த ஓவர்ரைட்டும் அதைத் திருத்தாது. யுனிகோட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கோ. அசை பிரிக்கிற இரட்டைக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடைவெளி வேணும்: "அன் -- பே". ஒட்டி எழுதினால் முழுச்சொல்லும் ஒரே சுரத்தின் கீழ் போய் நிக்கும், பிறகு வாற அசையெல்லாம் ஒரு சுரம் முந்தும்.