தென்னையில் வெள்ளை ஈ: அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்கள் வளவில் ஐயா நட்ட ஏழு தென்னைகளையும் வெள்ளை ஈ பிடித்துவிட்டது. விழுந்த ஓலையைத் திருப்பிப் பார்த்தேன்: அடிப்புறமெங்கும் பஞ்சுபோல மெழுகு, சுருள் சுருளாக முட்டைகள். ஈ கழிக்கும் இனிப்பு நீரில் கரும்பூஞ்சணம் படர்ந்து, தொட்டால் அடுப்புக்கரிபோல விரலில் ஒட்டுகிறது. கீழே நிற்கும் கறிவேப்பிலையும் கறுத்துவிட்டது.

மழை இல்லை, தென்மேற்குக் காற்றான சோளகம் வேறு வீசுகிறது. மரத்தடியில் தேங்காய்ப் பொச்சு (மட்டை) புதைத்து ஈரத்தைக் காக்கிறேன்.

குட்டையான இரண்டு மரங்களுக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கரைத்து ஓலையின் அடிப்புறத்தில் அடித்தேன், ஈ குறைந்திருக்கிறது. மற்ற ஐந்தும் 40 அடிக்கு மேல். அந்த உயரத்துக்கு நீரை விசையோடு பீய்ச்சும் கருவி வாடகைக்கு எங்கே கிடைக்கும்? மஞ்சள் ஒட்டுப்பொறி யாருக்காவது பயன் தந்ததா?

நஞ்சு மருந்து மட்டும் வேண்டாம். நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்குத்தான் இறங்கும். ஈயை அழிக்கும் சிறு குளவிகளும் செத்துவிடும்.

ஐயாவின் மரங்களில் ஒன்றையேனும் இழக்க எனக்கு மனமில்லை. அருகில் இருப்பவர்கள் ஒருமுறை வந்து பார்த்தால் பெரிய உதவியாக இருக்கும்.