தள்ளுபடி போடாமல் முறுக்கு விற்க முடியுமா?

செந்தூல்வாசி:
நானும் அத்தையும் வீட்டிலேயே முறுக்கு, அச்சு முறுக்கு சுட்டு விற்கிறோம். தீபாவளிக்கு ஆர்டர் கொட்டும், அப்புறம் ஈயோட்டுவோம். முகநூலில் விளம்பரம் போட்டு விலையைக் குறைத்தால் நாலு பேர் வருகிறார்கள், பழைய விலைக்குப் போனதும் ஆளையே காணோம். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்றும் யோசனை.

பினாங்குக்காரி:
தள்ளுபடியை முதலில் நிறுத்துங்க. மாசாமாசம் வாங்குகிறவர் யார், எதுக்கு வாங்குகிறார் என்று பாருங்க, அவரிடம் பேசுங்க. எங்கள் ஊரில் ஒரு வடைக்காரர் போர்டுகூட வைக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும், மழை பெய்தாலும். அந்த நேரத்தை நம்பித்தான் ஆட்கள் வந்து நிற்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
எஸ்எஸ்எம்மில், அதான் மலேசியாவில் தொழிலைப் பதிகிற ஆணையத்தில், பதிந்தாச்சா? சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைப் பெயர் வைத்தால் 60. பிறகு சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி கடனையும் விசாரித்துப் பாருங்கள். வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் எழுதுகிறோம், அத்தையின் கூலியை மட்டும் எழுதுவதில்லை, வீட்டுத் தொழில் பலவும் அதனால்தான் லாபமாகத் தெரிகிறது.

செந்தூல்வாசி:
கூலி என்றால் அத்தை அடிக்க வருவார் அண்ணே! சரி, எழுதிப் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடை கேட்கிறது, விற்ற பிறகுதான் காசாம்.

கணக்குப்பிள்ளை:
கொஞ்சமாகக் கொடுங்கள். நமத்துப்போனது யார் கணக்கில் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.